சொளகு யார் கையில்? திரைப்பட விழாத் தேர்வுகளும் கரிசல் காட்டுப் படங்களும்

2024-ஆம் ஆண்டு கோவாவில் நடந்த இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவின் 'இந்தியன் பனோரமா' பிரிவுக்கு 384 முழுநீளப் படங்கள் வந்தன. தேர்வானவை 25. கதையல்லாத படங்கள் 262 வந்ததில் 20 தேர்வாயின. பட்டியல் வெளியானதும் நாளிதழ்கள் தேர்வானவற்றைப் பற்றி எழுதின. தேர்வாகாத 359 முழுநீளப் படங்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. அவற்றில் யாருடைய ஊர் இருந்தது, யாருடைய தெரு இருந்தது, யாருடைய மொழி இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு பக்கத்துத் தம்பி தங்கைகள் இன்று கைப்பேசியிலேயே குறும்படம் எடுக்கிறார்கள். எடுத்து முடித்ததும் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, இதை ஃபெஸ்டிவலுக்கு அனுப்பலாமா?" என்பதுதான். அனுப்பலாம். அதற்கு முன், விழா என்பது என்ன, அது எப்படித் தேர்வு செய்கிறது, அந்தத் தேர்வில் நம் மண்ணின் படங்கள் இதுவரை எந்த வாசல் வழியாக உள்ளே போயின என்ற வரலாறு தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் அனுப்புகிறவர், படம் திரும்பி வந்ததும் தனக்குத் திறமை இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார். பள்ளிக்கூடத்திலும் வேலைக்கான நேர்காணலிலும் நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே இதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு இடத்திலும் அதைக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

அரசுகள் தேர்ந்தெடுத்த காலம்

உலகின் முதல் பெரிய திரைப்பட விழா 1932-இல் இத்தாலியின் வெனிஸ் நகரில் தொடங்கியது. அப்போது அங்கே முசோலினியின் ஆட்சி. சில ஆண்டுகளிலேயே விருதுகளில் பாசிச அரசியல் வெளிப்படையாகப் புகுந்தது. அதற்கு எதிர்வினையாகப் பிரான்சு கான் விழாவைத் திட்டமிட்டது. 1939-இல் தொடங்க வேண்டிய விழா, போர் வந்ததால் 1946-இல்தான் நடந்தது. அந்த முதல் விழாவிலேயே சேத்தன் ஆனந்தின் 'நீச்சா நகர்' என்ற இந்திப் படம் உயரிய விருதைப் பகிர்ந்துகொண்டது. மேட்டில் இருக்கும் பணக்காரன், பள்ளத்தில் இருக்கும் ஏழைகளின் குடியிருப்புக்குள் சாக்கடையைத் திருப்பி விடும் கதை அது. ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஓடும் சாக்கடை நமக்குப் புதிதல்ல.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் கான் விழாவுக்கு எந்தப் படம் போக வேண்டும் என்று பெரும்பாலும் அந்தந்த நாட்டு அரசுகளே முடிவு செய்தன. ஒலிம்பிக் போட்டிக்கு வீரர்களை அனுப்புவதுபோல நாடுகள் படங்களை அனுப்பின. தன் நாட்டின் முகம் எப்படித் தெரிய வேண்டும் என்று அரசு நினைத்ததோ, அந்த முகமே திரையில் தெரிந்தது. 1968-இல் பிரான்சில் மாணவர்களும் தொழிலாளர்களும் வீதிக்கு வந்தபோது, இயக்குநர்கள் கான் விழாவைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு 'இயக்குநர்களின் இருவாரம்' என்ற தனிப் பிரிவு பிறந்தது. 1972 முதல் கான் விழா தானே குழு அமைத்துப் படங்களைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியது. அதன் பிறகே 'தேர்வாளர்' என்ற ஆள் முக்கியமானவர் ஆனார். அரசின் கையில் இருந்த சொளகு, ரசனை உள்ளவர் என்று கருதப்பட்ட சிலரின் கைக்கு மாறியது.

அந்த மாற்றம் தானாக நடக்கவில்லை, போராட்டத்தால் நடந்தது. விழா என்ற அமைப்பு மாறக்கூடியது என்பதற்கு இதுவே முதல் சான்று.

இந்தியாவில் முதல் சர்வதேசத் திரைப்பட விழா 1952 ஜனவரியில் பம்பாயில் தொடங்கி, சென்னை, டெல்லி, கல்கத்தா என்று பயணம் செய்தது. 1959-இல் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. 1973-இல் ஒன்றிய அரசு திரைப்பட விழாக்கள் இயக்ககத்தை அமைத்தது. 1978-இல் இந்தியன் பனோரமா பிரிவு தொடங்கியது. 2004 முதல் விழா கோவாவிலேயே நடக்கிறது. அண்மையில் அந்த இயக்ககம் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. கானில் 1972-இல் தேர்வு அரசின் கையை விட்டுப் போனது. இங்கே நடுவர் குழு இருந்தாலும், அதை நியமிப்பது முதல் இறுதி ஒப்புதல் வரை அமைச்சகத்தின் நிழலில்தான் நடக்கிறது. இதற்கான சான்றைப் பின்னால் பார்ப்போம்.

இன்று தேர்வு எப்படி நடக்கிறது?

படத்தை இணையதளத்தில் ஏற்றுகிறோம், நடுவர்கள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கிறார்கள், நல்லதை எடுக்கிறார்கள் என்றுதான் வெளியே நினைக்கிறோம். உண்மை அவ்வளவு நேர்கோடாக இல்லை.

அமெரிக்காவின் சன்டான்ஸ் விழாவுக்கு 2024-இல் மொத்தம் 17,435 படைப்புகள் வந்தன. அவற்றில் முழுநீளப் படங்கள் மட்டும் 4,410. திரையிடப்பட்ட முழுநீளப் படங்கள் நூறைத் தொடவில்லை. இவ்வளவு படங்களைத் தலைமைத் தேர்வாளர் ஒருவர் பார்க்க முடியாது. முதல் சுற்றில் பார்ப்பவர்கள் வேறு. பல விழாக்களில் அவர்கள் தன்னார்வலர்களாகவோ குறைந்த ஊதியத்துக்குப் பார்ப்பவர்களாகவோ இருப்பார்கள். அவர்கள் மதிப்பெண்ணும் இரண்டு வரிக் குறிப்பும் எழுதுவார்கள். மேலே போவது அந்தக் குறிப்புதான். கரிசல் காட்டுப் பேச்சும், அதன் கிண்டலும், ஒரு பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைக்கும் நொடியின் அர்த்தமும் அந்த முதல் பார்வையாளருக்குப் புரிந்தால்தான் படம் அடுத்த சுற்றுக்குப் போகும். ஆங்கிலத் துணைவரி சரியில்லை என்றால் நம் படம் அங்கேயே ஊமையாகிவிடும்.

இரண்டாவது வழி, தேடி வருவது. பெரிய விழாக்களுக்கு ஒவ்வொரு பகுதிக்கும் ஆலோசகர்கள் உண்டு. தெற்காசியாவுக்கு ஒருவர் இருப்பார். அவர் மும்பைக்கும் கோவாவுக்கும் வருவார். முடியும் நிலையில் உள்ள படங்களைப் பார்ப்பார். தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2007-இல் தொடங்கிய 'ஃபிலிம் பஜார்' இதற்கான சந்தை. அங்கே பார்வை அறையில் ஒரு படம் இருந்தால் தேர்வாளர்களின் கண்ணில் படும். அங்கே போக நுழைவுக் கட்டணம் வேண்டும், தங்கும் செலவு வேண்டும், பேசும் ஆங்கிலம் வேண்டும், அதைவிட முக்கியமாக, அப்படி ஓர் இடம் இருப்பதை முன்கூட்டிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

மூன்றாவது, நிதி வழி. நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழா 1988 முதல் ஹூபர்ட் பால்ஸ் நிதியை வழங்குகிறது. பெர்லின் விழா 2004 முதல் உலக சினிமா நிதியை வழங்குகிறது. திரைக்கதை நிலையிலேயே உதவி பெறும் படம், முடியும்போது அந்த வட்டாரத்துக்குத் தெரிந்த படமாகிவிடுகிறது. விழா, படத்தைத் தேர்ந்தெடுக்கும் இடமாக மட்டும் இல்லை. எந்தப் படம் உருவாக வேண்டும் என்று முன்பே முடிவு செய்யும் இடமாகவும் இருக்கிறது.

நான்காவது, முதல் திரையிடல் விதி. பெரிய விழாக்களின் போட்டிப் பிரிவுகள், வேறெங்கும் காட்டாத படத்தையே பெரும்பாலும் கேட்கின்றன. ஊர் மந்தையில் திரை கட்டிக் காட்டுவதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. யூடியூபில் ஏற்றிவிட்டால் பல கதவுகள் மூடிவிடும்.

இந்த நான்கையும் தாண்டி வந்த படங்கள்தான் நடுவர்களின் ரசனைக்கு முன்னால் போய் நிற்கின்றன. எனவே 'தரம்தான் அளவுகோல்' என்று சொல்லும்போது, அந்த அளவுகோலின் முன் வந்து நிற்கும் வாய்ப்பே முன்கூட்டிப் பங்கிடப்பட்டுவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கரிசல் எந்த வாசலில் நுழைந்தது?

நம் பகுதி திரைப்பட விழாக்களுக்குப் புதிதல்ல. ஆனால் அது போன வழிகளைப் பாருங்கள்.

1990-இல் சலம் பென்னூர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டியிலும் பட்டாசிலும் கருகிய பிள்ளைகளைப் பற்றிய படம். விடியுமுன்னே ஊருக்குள் வண்டி வரும், தூக்கம் கலையாத பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும் என்பதெல்லாம் நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கதை அல்ல, பட்ட பாடு. இயக்குநர் பெங்களூரிலிருந்து வந்தவர். படம் வெளிநாட்டு ஆவணப்பட விழாக்கள் வரை சென்றது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இலேயே வந்துவிட்டது. சிவகாசி குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு 1996 டிசம்பரில் வந்தது. அந்தப் பத்தாண்டு இடைவெளியில் வெளியுலகத்தின் கண்ணில் இந்தக் கொடுமையைக் கொண்டுபோய் நிறுத்தியவற்றில் இந்தப் படமும் ஒன்று.

அடுத்தது இன்னும் நெருக்கமானது. கோவில்பட்டி வட்டாரத்து எழுத்தாளர் பூமணி, 'பிறகு', 'வெக்கை' நாவல்களைத் தந்தவர், 1990-களில் 'கருவேலம்பூக்கள்' படத்தை இயக்கினார். நாசர், ராதிகா, சார்லி நடித்த படம். தீப்பெட்டி ஆபீசுக்குப் பிள்ளைகளை அனுப்பும் கரிசல் குடும்பத்தின் கதை. பணம் போட்டது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம். இங்கே பிறந்து, இங்கே வாழ்ந்து, இந்த மண்ணை எழுதிய ஒருவர் கேமராவுக்குப் பின்னால் நின்றது ஒரு பெரிய நிகழ்வு. அது எப்படிச் சாத்தியமானது? மக்கள் வரிப்பணத்தில் இயங்கிய ஒரு நிறுவனம், லாபம் வருமா என்று மட்டும் பார்க்காமல் திரைக்கதைக்குப் பணம் கொடுத்த காலம் அது. அந்த வாசல் குறுகக் குறுக, பூமணி போன்ற இன்னொருவர் உள்ளே வருவதும் அரிதானது. 'வெக்கை' 2019-இல் 'அசுரன்' ஆனபோது அதை இயக்கியவர் வெற்றிமாறன், நாயகன் தனுஷ், பணம் போட்டது வணிக சினிமா. படம் பேசப்பட்டது, நல்லதுதான். ஆனால் பூமணி இயக்கிய படத்தை இன்று எத்தனை மாணவர்கள் பார்த்திருக்கிறார்கள்? எங்கள் கூட்டங்களில் கேட்டுப் பார்த்திருக்கிறோம். கை தூக்குகிறவர்கள் ஒன்றிரண்டு பேர்தான்.

மூன்றாவது, 'ஒருத்தி'. அம்ஷன் குமார் இயக்கி 2003-இல் வந்தது. இந்தியன் பனோரமாவுக்குத் தேர்வானது. கோவில்பட்டிக்குப் பக்கத்திலுள்ள இடைசெவலின் கி. ராஜநாராயணன் எழுதிய 'கிடை' என்ற குறுநாவல்தான் மூலம். பருத்திக் காட்டில் ஆடுகள் இறங்கி மேய்ந்துவிடுகின்றன. யார் கவனக்குறைவு என்று ஊர் விசாரிக்கிறது. விசாரணையில் மேல்சாதி எல்லப்பனுக்கும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண் செவனிக்கும் இடையிலான உறவு வெளிவருகிறது. ஊர் அவனுக்கு ஒரு கல்யாணத்தை ஏற்பாடு செய்கிறது. அவளுக்குப் பேய் பிடித்துவிட்டது என்கிறது. கி.ரா. ஆதிக்கச் சாதியில் பிறந்தவர். ஊர் எப்படித் தன் பையனைக் காப்பாற்றிக்கொள்கிறது என்பதை உள்ளிருந்து பார்த்து எழுதினார். அந்தக் கதை படமாகிப் பனோரமா வரை போனதை நாம் மதிக்கிறோம். அதே நேரம் ஒரு கேள்வியும் கேட்கிறோம். செவனியின் தெருவிலிருந்து ஒருத்தி எழுந்து வந்து, அந்த ஊர்க் கூட்டத்தை அவள் கண்ணால் படமெடுத்தால் அது எப்படி இருக்கும்? அந்தப் படம் எந்த விழாவின் 384-இல் ஒன்றாக வந்து சேரும்?

பிறகு 2018. அந்த ஆண்டின் பனோரமாவில் நான்கு தமிழ்ப் படங்கள் இருந்தன: செழியனின் 'டு லெட்', பிரியா கிருஷ்ணசாமியின் 'பாரம்', ராமின் 'பேரன்பு', மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்'. இவற்றில் இரண்டு தென்மாவட்டத்தைப் பேசின. 'பாரம்' பேசியது தலைக்கூத்தலை. வயதானவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துச் சாகவிடும் அந்த வழக்கத்தை. 'பரியேறும் பெருமாள்' பேசியது சட்டக் கல்லூரிக்குப் போன நம் பையனை. புளியங்குளத்திலிருந்து வந்த ஒருவர் தன் வாழ்வைத் தானே இயக்கிய படம் அது. பா. ரஞ்சித் தயாரித்தார். திரையரங்கிலும் ஓடியது, விழாவிலும் இருந்தது. தேர்வாளர்கள் திடீரென்று மனம் மாறியதால் இது நடக்கவில்லை. பணம் போடும் இடத்தில் முதல்முறையாக நம் ஆள் ஒருவர் உட்கார்ந்ததால் நடந்தது. வாசல் விழாவில் திறக்கவில்லை. அதற்கு நாலு படி முன்னால், தயாரிப்பில் திறந்தது.

2021-இல் வந்த 'கர்ணன்', 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் காவல்துறை நடத்திய வெறியாட்டத்தின் நினைவிலிருந்து எழுந்தது. அதே 2021-இல் பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' ராட்டர்டாமில் புலி விருதைப் பெற்றது. மேலூர்ப் பக்கத்து வறண்ட காட்டில், சுடும் வெயிலில் நடக்கும் ஒரு தகப்பனும் மகனும்தான் படம். குழந்தைத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கிய ஒருவர் எடுத்தது. கதவு முழுக்கச் சாத்தியே கிடக்கிறது என்று சொல்லிவிட்டு நாம் உட்கார்ந்துவிட முடியாது. திறந்த இடங்களும் உண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் அது எப்படித் திறந்தது என்று பார்த்தால், தனிமனிதத் திறமையோடு கூடவே யாரோ ஒருவர் பணத்தையோ தொடர்பையோ கொடுத்துத் தோள் கொடுத்திருப்பது தெரியும். 'கூழாங்கல்'லுக்கும் திரைத்துறையில் இருந்தவர்களின் தயாரிப்புத் துணை இருந்தது.

அரசின் பூட்டு

தேர்வாளரின் ரசனையைத் தாண்டி இன்னொரு பூட்டும் உண்டு. 1952-ஆம் ஆண்டு சினிமாட்டோகிராஃப் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் இல்லாத படத்தைப் பொதுவில் திரையிட முடியாது. விழாக்களுக்கு ஒன்றிய அமைச்சகம் விலக்கு அளிக்கும். அளிக்காமலும் விடும்.

2004 மும்பை சர்வதேச ஆவணப்பட விழாவுக்கு இந்தியப் படங்கள் மட்டும் தணிக்கைச் சான்றிதழோடு வர வேண்டும் என்று அறிவித்தார்கள். வெளிநாட்டுப் படங்களுக்கு அது தேவையில்லை. ஆவணப்பட இயக்குநர்கள் ஒன்றுகூடி எதிர்த்ததும் விதியைத் திரும்பப் பெற்றார்கள். பிறகு பட்டியல் வந்தபோது, அரசை விமர்சித்த பல படங்கள் அதில் இல்லை. தணிக்கை என்ற பெயரில் செய்ய முடியாததைத் தேர்வு என்ற பெயரில் செய்துவிட்டார்கள் என்று இயக்குநர்கள் குற்றம் சாட்டினார்கள். அவர்கள் அதே நாட்களில் அதே நகரத்தில் 'விகல்ப்' என்ற மாற்று விழாவை நடத்தினார்கள். மும்பையில் இடம் கிடைக்காத படங்களில் குஜராத் வன்முறை பற்றிய ராகேஷ் சர்மாவின் 'ஃபைனல் சொல்யூஷன்' ஒன்று. அதே ஆண்டு பெர்லின் அதற்கு விருது கொடுத்தது.

2017 ஜூனில் திருவனந்தபுரத்தில் நடந்த கேரள ஆவணப்பட, குறும்பட விழாவில் மூன்று படங்களுக்கு விலக்கு மறுக்கப்பட்டது. ஒன்று காஷ்மீர் பற்றியது. ஒன்று ஜே.என்.யு. மாணவர் போராட்டம் பற்றியது. மூன்றாவது ரோகித் வெமுலாவின் மரணத்துக்குப் பிறகான ஹைதராபாத் பல்கலைக்கழகம் பற்றியது. விழா தேர்ந்தெடுத்திருந்தது. டெல்லி மறுத்தது. அதே ஆண்டு நவம்பரில் கோவாவில், நடுவர் குழு தேர்ந்தெடுத்த 'எஸ் துர்கா', 'நியூட்' இரண்டையும் அமைச்சகம் பட்டியலிலிருந்து நீக்கியது. நடுவர் குழுத் தலைவர் சுஜோய் கோஷ் பதவி விலகினார். கேரள உயர் நீதிமன்றம் 'எஸ் துர்கா'வைத் திரையிடச் சொன்ன பிறகும் அது திரையிடப்படவில்லை. அந்தப் படம் அதே ஆண்டுத் தொடக்கத்தில் ராட்டர்டாமில் புலி விருது பெற்ற படம்.

அதே கோவா பட்டியலில்தான் அம்ஷன் குமாரின் 'மனுசங்கடா' இருந்தது. இறந்த தகப்பனின் உடலைப் பொதுப்பாதை வழியே எடுத்துச் செல்ல நீதிமன்றம் வரை போகும் தலித் இளைஞனின் கதை. 2016 ஜனவரியில் மயிலாடுதுறைக்கு அருகே திருநாள்கொண்டசேரியில் உயர் நீதிமன்ற உத்தரவு கையில் இருந்தும் பொதுப்பாதை மறுக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. படத்தில் நீதிமன்ற உத்தரவை மதிக்காத அதிகாரிகள். அது இடம்பெற்ற விழாவிலேயே இன்னொரு படத்துக்காக வந்த நீதிமன்ற உத்தரவுக்கும் அதே கதி.

அதே 2017-தான் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' வந்த ஆண்டும். மலக்குழியில் இறங்கிச் சாகும் தொழிலாளர்கள் பற்றிய ஆவணப்படம். தமிழ்நாட்டில் திரையிடல்களைக் காவல்துறை தடுத்தது. அவர் படத்தை யூடியூபில் ஏற்றினார். ஜூலையில், 2009-ஆம் ஆண்டுப் போராட்டம் ஒன்றின் பழைய வழக்கில் அவரைக் கைது செய்தார்கள். முதல் திரையிடல் விதிப்படி பார்த்தால், யூடியூபில் ஏற்றிய அன்றே அந்தப் படம் பல விழாக்களுக்குத் தகுதி இழந்துவிட்டது. ஆனால் துப்புரவுப் பணியாளர்களின் வீட்டுப் பிள்ளைகள் அதைத் தங்கள் கைப்பேசியில் பார்த்தார்கள். யாருக்காக எடுக்கிறோம் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் நாங்கள் பார்த்ததில்லை.

ரசனைக்கும் சாதி உண்டு

சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979-இல் எழுதிய நூலில், ரசனை என்பது பிறவிக் குணம் அல்ல, வர்க்கம் கற்றுத் தருவது என்று நிறுவினார். இங்கே வர்க்கத்தோடு சாதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எது 'நுட்பம்', எது 'கூச்சல்' என்ற பிரிப்பில் சாதி உட்கார்ந்திருக்கிறது. மௌனமாகத் துன்பப்படும் தலித்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பறையடித்துக் கோபப்படும் தலித் 'பிரச்சாரம்' என்று தெரிகிறது. சாவு வீட்டில் நம் பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைப்பது அவர்களுக்கு 'மிகை நடிப்பு'. எங்களோடு வேலை செய்யும் இளைஞர்கள் எடுத்த குறும்படம் ஒன்றை ஒரு விழா திருப்பி அனுப்பியபோது, உணர்ச்சி அளவுக்கு மீறியிருக்கிறது என்று குறிப்பு வந்தது. அந்தக் காட்சியில் இருந்தது நடிப்பு இல்லை. ஓர் அம்மா தன் மகனைப் பற்றிப் பேசியது.

இதற்காகத் தேர்வாளர்கள் எல்லோரும் சாதி வெறியர்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்களில் நல்லவர்கள் இருக்கிறார்கள். நம் படங்களுக்காகக் குழுவுக்குள் சண்டை போட்டவர்களும் இருப்பார்கள். தேர்வே கூடாது என்பதும் நம் வாதம் அல்ல. 384-ஐயும் ஒன்பது நாளில் காட்ட முடியாது. யாராவது புடைக்கத்தான் வேண்டும். கேட்பதெல்லாம், சொளகு பிடிக்கும் கைகளில் நம் கையும் இருக்க வேண்டும் என்பதுதான். கல்விக்கும் அரசு வேலைக்கும் இடஒதுக்கீடு உண்டு. விழா நடுவர் குழுக்களுக்கு அப்படி எதுவும் இல்லை. மக்கள் பணத்தில் நடக்கும் விழாவில் இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

நாமே கட்டிய திரைகள்

கேட்பதோடு நிற்காமல் கட்டியவர்களும் இருக்கிறார்கள். 1984-இல் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் கேரளத்தில் 'ஒடேசா' இயக்கத்தைத் தொடங்கினார்கள். மக்களிடம் காசு திரட்டி 1986-இல் 'அம்ம அறியான்' எடுத்து, ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். நெல்லையில் 'காஞ்சனை' திரைப்பட இயக்கத்தை நடத்திய ஆர்.ஆர். சீனிவாசன், 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர் பேரணியில் 17 பேர் தாமிரபரணியில் மாண்ட கொடுமையை 'நதியின் மரணம்' என்று ஆவணமாக்கினார். மதுரையில் ஆர்.பி. அமுதன் 'மறுபக்கம்' வழியாக 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்தி வருகிறார். மலம் அள்ளும் பெண்ணைப் பற்றிய 'பீ' என்ற அவருடைய படம் பலருக்கு ஆவணப்படம் என்றால் என்ன என்று கற்றுக் கொடுத்தது.

2019 பிப்ரவரியில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தலித் திரைப்பட, பண்பாட்டு விழா நடந்தது. அண்ணல் அம்பேத்கர் படித்த அதே பல்கலைக்கழகம். பா. ரஞ்சித்தும் நாகராஜ் மஞ்சுளேவும் கலந்துகொண்டார்கள். சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் தலித் வரலாற்று மாதமான ஏப்ரலில் பி.கே. ரோசி திரைப்பட விழாவை நடத்துகிறது. ரோசி யார்? மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' நாயகி. புலையர் சமூகத்துப் பெண் நாயர் பெண்ணாக நடித்தாள் என்பதற்காக விரட்டப்பட்டு, நாகர்கோவில் பக்கம் வந்து பெயர் தெரியாமல் வாழ்ந்து மறைந்தவர். அவர் நடித்த படத்தின் பிரதியும் இன்று இல்லை. திரையிலிருந்து துரத்தப்பட்டவரின் பெயரில் ஒரு திரை கட்டியது வெறும் அஞ்சலி அல்ல. யார் படம் காட்டப்பட வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரத்தை எடுத்துக்கொள்வது அது.

அதிகாரம் கைக்கு வந்ததும் நம்மை நோக்கியும் கேள்வி வரும். நம் விழாக்களில் பெண்கள் எத்தனை பேர் தேர்வுக் குழுவில் இருக்கிறார்கள்? அருந்ததியர் தெருவிலிருந்து எத்தனை படங்கள் வருகின்றன? 'பிறகு' நாவலின் நாயகன் அழகிரி செருப்புத் தைக்கும் சக்கிலியர். 1979-இல் பூமணி அவரை நாவலின் நடுவில் உட்கார வைத்துவிட்டார். நம் திரைகளில் அழகிரியின் பேரப்பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்திருக்கிறார்களா? திருநங்கைத் தோழர்களின் படங்கள் தனிப்பிரிவாக ஓரத்தில் நிற்கின்றனவா, பொதுப் பட்டியலில் நிற்கின்றனவா? அடுத்தவரிடம் கேட்ட கேள்வியை நம்மிடமும் கேட்டால்தான் அந்தக் கேள்விக்கு மரியாதை.

அடுத்து என்ன செய்யலாம்?

படம் வைத்திருக்கும் தோழர்களுக்குச் சில வார்த்தைகள். எடுக்கும் முன்பே முடிவு செய்யுங்கள்: இது முதலில் ஊருக்கா, விழாவுக்கா? அவசரமான அநீதியைப் பற்றிய படம் என்றால் ஊருக்கும் இணையத்துக்கும் உடனே போகட்டும். காத்திருக்கக்கூடிய கதை என்றால் யூடியூபில் ஏற்றாமல் ஓராண்டு வைத்திருங்கள். துணைவரியை இயந்திரத்திடம் விடாதீர்கள். நம் பேச்சும் ஆங்கிலமும் தெரிந்த இருவர் உட்கார்ந்து செய்யட்டும். கட்டணம் கட்ட முடியாவிட்டால் விலக்குக் கேட்டு எழுதுங்கள். பல விழாக்கள் தருகின்றன, கேட்பவர்கள்தான் குறைவு. கிடைத்த விழாவுக்கெல்லாம் அனுப்பிப் பணத்தை இழக்காதீர்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் சான்றிதழ் அனுப்பும் விழாக்கள் இணையத்தில் மலிந்து கிடக்கின்றன. எங்கே உண்மையான திரையும் உண்மையான பார்வையாளர்களும் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

மாணவர் அமைப்புகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. இந்தியன் பனோரமாவை நடத்துவது பொதுத்துறை நிறுவனம். 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குப் பொருந்தும். கடந்த பத்தாண்டில் தமிழ்நாட்டிலிருந்து எத்தனை படங்கள் விண்ணப்பித்தன, எத்தனை முழுமையாகப் பார்க்கப்பட்டன, நடுவர்களை எந்த முறையில் நியமிக்கிறார்கள், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் இதுவரை எத்தனை பேர் நடுவர்களாக இருந்தார்கள் என்று நாலு கேள்வி. பத்து ரூபாய்க் கட்டணம். கணக்கே வைத்திருக்கவில்லை என்று பதில் வந்தால், அதுவும் ஒரு பதில்தான். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்போம்.

கூடவே, உங்கள் கல்லூரி விடுதியிலோ ஊர்ச் சாவடியிலோ 'கருவேலம்பூக்கள்' திரையிட ஏற்பாடு செய்யுங்கள். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய அம்மாக்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். படம் முடிந்ததும் அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். அவர்களும் தேர்வாளர்கள்தான்.

ஜெய்பீம்.